பெட்டியைச் செய்தவர்

குறைமாதத்தில் பிறந்த பேரன் இன்குபேட்டருக்குள் உறங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, கவலையை மறக்க சம்பந்திகள் இருவரும் வழக்கமான சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். குழந்தையின் அப்பாவைப் பெற்றவர் பெரிய பக்திமான். அம்மாவைப் பெற்றவருக்கோ கடவுள் என்றாலே ஆகாது.

“அந்தப் பெட்டியைப் பாருங்க சம்பந்தி,” என்றார் பக்திமான். “சூடு, ஈரம், காத்து எல்லாம் அளவா இருக்கு. கொஞ்சம் பிசகினாலும் பிள்ளை தாங்காது. இதுக்கே செஞ்சவன் ஒருத்தன் இருக்கான். உயிர் வாழ இவ்வளவு தோதா இருக்கிற பிரபஞ்சம் மட்டும் தானா வந்துடுமா?”

“தோதா இல்லாத இடத்துல நின்னு யாரும் இப்படிக் கேக்கவே முடியாதே! தோதா அமைஞ்ச இடத்துல நாம இருக்கோம், அவ்வளவுதான்.”

“விதண்டாவாதம்! பெட்டியைச் செஞ்சவனையும்தான் பார்த்ததில்ல. அதுக்காக அவன் இல்லைன்னு ஆயிடுமா? எந்த ஊர்ல இருக்கானோ, அந்தப் புண்ணியவான் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்.”

சம்பந்தி சிரித்தார். “பிரபஞ்சத்தைச் செஞ்சவரை எனக்குத் தெரியாது. இந்தப் பெட்டியைச் செஞ்சவ அதோ வர்றா.”

சக்கர நாற்காலியில் மருமகள் வந்துகொண்டிருந்தாள். ஏதோ கம்பெனியில் படம் வரைகிறாள் என்றுதான் பக்திமான் இதுவரை நினைத்திருந்தார்.

“நீயாம்மா?”

“நானும் எங்க டீமும், மாமா. சூட்டையும் காத்தையும்தான் நாங்க அளவா வெச்சோம். உயிரை யார் வெச்சதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.”

பக்திமானுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே போகவிருந்த நர்ஸை நிறுத்தி, வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்:

“பார்த்து சிஸ்டர்! பெட்டி, பிள்ளை, ரெண்டையும் படைச்சது எங்க மருமக!”