பெரியவர் கேட்ட விலை

அல்ஜீரியாவின் ஓரான் நகரப் பழைய கார்ச் சந்தையில் மூலூத் தயங்கி நின்றான். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. மனைவிக்கோ ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நின்றுவிட்டால்?

அங்கே யாரும் நேராக விலை கேட்பதில்லை; முன்னால் வந்தவர்கள் எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்றுதான் விசாரிப்பார்கள். "இதுவரைக்கும் எவ்வளவுக்குக் கேட்டிருக்காங்க அண்ணே?" என்றான் விற்பவரிடம்.

"காலையில ஒரு பெரியவர் எட்டு லட்சம் தினாருக்குக் கேட்டாரு தம்பி."

பெரியவர் என்றால் விவரம் தெரிந்த மனுஷராகத்தான் இருப்பார்; அவரே கேட்டிருந்தால் வண்டி தேறும். ஒன்பதுக்கு முடித்து வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

உள்ளே மாமனார் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குக் கொடுக்கலாம்னு ஒரு காரை எட்டு லட்சத்துக்குக் கேட்டு வச்சேன் மாப்ள. பணத்தோட திரும்பிப் போறதுக்குள்ள எவனோ ஒரு கிறுக்கன் ஒன்பதுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்!"

"எதைப் பார்த்து எட்டு கேட்டீங்க மாமா?" மூலூத் மெதுவாகக் கேட்டான்.

"கலரைத்தான் மாப்ள. காரைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"