இடது கையிடம் சொல்லி அனுப்பினேன்

நான் ஓர் இதயம். மாசிலாமணி என்பவரின் மார்பில் குடியிருக்கிறேன். உடம்பு முழுக்கப் பரிமாறும் எனக்கு யாரும் இலை போடுவதில்லை என்று பெருமையாகப் புலம்புவேன். உண்மையில் எனக்கென்றே தனி ரத்தக்குழாய் உண்டு.

ஒருநாள் அந்தக் குழாய் சொன்னது: "அண்ணே, எனக்குள்ள கொழுப்பு படிஞ்சு வழி பாதியாயிடுச்சு. மேலே மூளைகிட்ட சொல்லிடுங்க."

"இதையெல்லாம் போய்ச் சொல்லணுமா? இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சாப் போச்சு" என்றேன்.

அடித்தேன். என் சதை தடித்தது. பயில்வான் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தடித்த சதைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும் என்று அந்தப் பயில்வானுக்குத் தோன்றவில்லை.

ஒரு காலையில் மாசிலாமணி மாடிப்படி ஏறும்போது எனக்கு வலித்தது. ஐம்பது வருஷமாக லீவே போடாதவன், எப்படிச் சொல்வது? இடது கையைக் கூப்பிட்டேன்.

"தம்பி, எனக்கு வலிக்குதுன்னு சொல்லாதே. உனக்கு வலிக்குதுன்னு சொல்லு."

கை நல்ல பிள்ளை. அப்படியே சொன்னது. மூளையும் அப்படியே நம்பியது. மாசிலாமணி படியிலேயே உட்கார்ந்து, மனைவியிடம் தைலம் கேட்டு வாங்கி, கையில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டார். வீடெல்லாம் தைல வாசனை.

சற்று நேரத்தில் கை சொன்னது: "எனக்கு இதமா இருக்குண்ணே. உங்களுக்கு எப்படி இருக்கு?"

பழக்கதோஷம். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு துடிப்பு தவறியது.