லோகப்பிரியாவின் கிறிஸ்மா

"இது விளையாட்டாங்க்கா? ஒரு புள்ளைய உசுரோட வதைக்கிறதுக்குப் பேரு விளையாட்டா?"

நந்திதா போட்ட சத்தத்தில் விடுதிச் சாப்பாட்டுக் கூடமே திரும்பிப் பார்த்தது. 'கிறிஸ்துமஸ் விழா 1994' என்று ஜிகினாத் தாளில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நிதா, ஸ்டூலிலிருந்து இறங்கினாள். காரமடைப் பெண், மூன்றாம் வருஷம். அந்தப் பெண்கள் விடுதியின் விழாச் செயலாளர்.

"மெதுவாப் பேசு கண்ணு. என்னாச்சு?"

"லோகப்பிரியாவோட கிறிஸ்மா யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகோணும்."

டிசம்பர் பிறந்தால் அந்த விடுதியில் இந்தக் கூத்துதான். எல்லார் பெயரையும் சீட்டில் எழுதித் தலையணை உறைக்குள் போட்டுக் குலுக்குவார்கள். உன் பெயர்ச் சீட்டை எடுத்தவள் உனக்குக் கிறிஸ்மா. உனக்குத் தெரியாமல் பரிசு வைப்பாள், துண்டுச் சீட்டில் ஏதாவது வேலையும் ஏவுவாள். மறுக்கக் கூடாது. யாரென்று விழா நாளில்தான் சொல்லுவாள்.

"எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் விழா முடியாம சொல்லக் கூடாது. அதுதான் ரூலு."

"நல்ல ரூலுங்க! என்ற கிறிஸ்மா எனக்கு வளையல் வெச்சா, சாக்லேட் வெச்சா. இவளுக்கு ஒரு புளிப்பு முட்டாய் உண்டா? வேலை மட்டுந்தான்! சாம்பார் தண்ணியா இருக்குதுன்னு வார்டன்கிட்டப் போய்ச் சொல்லோணுமாம். அம்புஜம் மேடத்து முன்னால நிக்கறதுக்கு நமக்கே கை காலு நடுங்குது."

"போய்ச் சொன்னாளே! அன்னைக்கிருந்துதான் பருப்பு கண்ணுல படுது."

"சிரிக்காதீங்க்கா! எனக்குப் பத்திட்டு வருது. இன்னைக்குக் காலைல அவ தலகாணிக்கடியில என்ன சீட்டுத் தெரியுமா? சாயந்தரம் மேடையேறி மைக்கப் புடிச்சு நன்றியுரை சொல்லோணுமாம். கொட்டை கொட்டையா எழுதியிருக்கா, கையெழுத்துத் தெரியக் கூடாதாம். திருட்டுக் கழுதை!"

நிதா வாயைத் திறப்பதற்குள் நந்திதா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"அன்னூர்ப் பக்கம் தோட்டத்துல வளந்த புள்ளைங்க. நாலு பேரு பார்த்தா நாக்கு ஒட்டிக்கும். ஃப்ரெஷர்ஸ் டேயில அவளப் பாடச் சொன்னாங்க. 'அவளுக்கு வராது'ன்னு நாந்தான் எந்திரிச்சுப் பாடினேன். ஓணம் டான்ஸுக்குப் பேரு போட்டாங்க, நாந்தான் போய் அடிச்சுப்போட்டு வந்தேன். ஆயுத பூஜைக்குப் பேச்சுப் போட்டி, அதுக்கும் நாந்தான் வேண்டாம்னேன். ஒரே ரூமுல இருந்துட்டு ஜூன்ல இருந்து காப்பாத்திட்டு வாரேன். எவளோ ஒருத்தி மறைஞ்சு நின்னு கூத்துப் பாக்கறா!"

"சரி, விடு. ஒரு நன்றியுரைதானே?"

"அவங்கப்பா இன்னைக்கு வர்றாருங்க்கா! 'புள்ள அங்க பயந்துட்டுக் கெடந்தா பெட்டியோட கூட்டிட்டு வந்துருவேன், தையில கல்யாணம்'னு சொல்லிப்போட்டாரு. மேடையில நின்னு அழுதான்னா அவ படிப்பே போச்சு."

நிதாவின் சிரிப்பு நின்றது. "லோகா என்ன சொல்றா?"

"அவள எதுக்குக் கேக்கோணும்? அவ வாயத் தொறந்தாத்தானே!"

சாயங்காலம் கூடம் நிரம்பி வழிந்தது. பெற்றோர் வரிசையில் வெள்ளை வேட்டியும் மடியில் கடலைப் பையுமாக லோகப்பிரியாவின் அப்பா நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தது, கேக் வெட்டியாயிற்று. லோகப்பிரியா எழுந்து மேடைப் பக்கம் நடந்தாள். நந்திதா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் புள்ள. உனக்குப் பதிலா நான் சொல்லிக்கறேன்."

லோகப்பிரியா கையை விடுவித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

மைக் வீலென்று கத்தியது. அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நஞ்சப்பன் பாதி எழுந்துவிட்டார். பாழாய்ப் போன கிறிஸ்மா, நல்லா இருப்பாளா என்று நந்திதா பல்லைக் கடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றது ஒரு சின்னக் குரல். பிறகு கொஞ்சம் பெரிதாக, "சமையல்கட்டு அக்காமாருக்கு நன்றிங்க. தோரணம் கட்டுன புள்ளைங்களுக்கு நன்றிங்க. சொன்ன அன்னைக்கே சாம்பாரக் கெட்டியாக்குன வார்டன் மேடத்துக்கு ரொம்ப ரொம்ப நன்றிங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. அம்புஜம் மேடமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நஞ்சப்பன் பக்கத்து நாற்காலிக்காரரைத் தொட்டு, "ஏனுங்க, அது எங்க புள்ளதானுங்களா?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீ நல்லாப் படி கண்ணு! பரீச்சை முடிஞ்சப்புறம் கூட்டிட்டுப் போக வாரேன்" என்று அங்கிருந்தே கத்தினார்.

கைதட்டல் அடங்கவில்லை. நந்திதாவின் கோபமும் அடங்கவில்லை. மேடைக்குத் தாவி மைக்கைப் பிடுங்கினாள்.

"தப்பிச்சது அவ நல்ல நேரம்! இவளோட கிறிஸ்மா யாரு? ஒரு புள்ளையோட படிப்ப வெச்சு வெளையாடுனவ, தைரியமிருந்தா எந்திரிச்சு நில்லு!"

ஒருத்தியும் எழவில்லை.

"பாருங்க, கோழை! எந்திரிக்க மாட்டேங்கறா!"

"நாந்தான் நின்னுட்டே இருக்கறேனே, நந்திதா" என்றாள் லோகப்பிரியா. "சீட்டுக் குலுக்கினப்ப என்ற பேரு எனக்கே வந்துச்சு. திருப்பிப் போட்டிருக்கோணும், போடலை. வேற யாரு எடுத்திருந்தாலும் 'அவளுக்கு வராது'ன்னு நீ போய்ச் சொல்லிப்போட்டு வந்திருப்பே!"