மிஞ்சிய ஒரு வரி

முதியோர் இல்லத்தின் அலுவலக அறையில் மதிய வெயில் விசைப்பலகை மேல் விழுந்து கிடக்கிறது. போன வாரம் இதே இல்லத்தில் அம்மாவைப் பறிகொடுத்த நிரலாளர், தரவுத்தளத்தில் அவளுடைய ஆவணத்தைத் திறக்கிறார். இடது காது கேட்காது, விளக்கை அணைத்தால் பயப்படுவாள், தன் பாலைப் பூனைக்கு ஊற்றிவிடுவாள். எல்லாம் அவரே சேர்த்தவை. 'நிலை' என்ற வரியை மட்டும் திருத்த வேண்டியவர், ஆவணம் முழுவதையும் அழித்துப் புதிதாக எழுதிவிடும் கட்டளையை இட்டுவிடுகிறார். மறுபடி தேடும்போது 'நிலை: காலமானார்' என்ற ஒரு வரிதான் வருகிறது. காதும் விளக்கும் பூனையும் இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்க்கிறாள். "நான் பண்றேன்னேன், கேட்டீங்களாண்ணா? விடுங்க, காலைல எடுத்த பேக்கப் இருக்கு. அப்படியே கொண்டுவந்துடலாம்."

அவர் திரையில் மிஞ்சிய வரியைப் பார்க்கிறார்.

"அதுல அம்மா உயிரோட இருப்பாங்கம்மா. மறுபடியும் மாத்தணுமே."

விசையைத் தொடப்போன அவள் விரல் அப்படியே நிற்கிறது.