படத்துக்கு லைசென்ஸ் வேண்டாம்

மலக்குழியில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்த ஏழுமலையின் முகத்தை அந்தக் குழி இருந்த தெருவின் சுவரிலேயே நான்கு நாட்களில் வரைந்து முடித்திருந்தாள் ஜெசிந்தா. மறுநாள் காலை நகராட்சிப் பொறியாளர் வந்து, அமைச்சர் வருவதற்குள் அதை அழித்துவிடச் சொன்னார்.

"நானே வெள்ளையடிக்கணுமா சார்?"

"ஐயோ, பெயிண்ட் அடிக்க லைசென்ஸ் வேணும்மா, உங்கிட்ட ஏது? படம் வரையறதுக்குத்தான் விதிவிலக்கு." அவர் சற்று யோசித்தார். "அவன் மூஞ்சி மேல பெருசா ஒரு ரோஜாப்பூ வரைஞ்சிடு. சட்டப்படி சரியாப் போயிடும்."

தன் யோசனையை மெச்சி அவரே சிரித்துக்கொண்டார். ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தூரிகையை அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே வரைங்க சார்."

வெட்கப்பட்டுப் போய்விடுவார் என்று நினைத்தாள். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாங்கினார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும்? கண்ணுலேருந்தா, வாயிலேருந்தா?"