தமிழ் பேசுவோர்: ஐந்து

அந்தக் கனடியக் கரையோர ஊரில் தமிழ் பேசத் தெரிந்தவள் நண்டு ஆலையில் வேலைபார்க்கும் சறோசினி ஒருத்திதான். நூலகத்தில் குடிசனக் கணக்கெடுப்பைப் புரட்டியவள் திகைத்துப்போனாள். தமிழ் பேசுவோர்: ஐந்து. "மற்ற நாலு பேரும் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "அப்படி யாருமில்லை. ஒருவர் மட்டும் இருந்தால், தனி ஆளை அடையாளம் காட்டக் கூடாதென்று பூச்சியம் அல்லது ஐந்து என்றுதான் போடுவார்கள்," என்றாள் நூலகர் மார்கரெட். சறோசினிக்குக் கண் கலங்கியது. "பூச்சியமெண்டும் போட்டிருக்கலாம். அஞ்சு போட்ட கை நல்லாயிருக்கோணும்," என்று தமிழிலேயே வாழ்த்தினாள். அன்று மத்தியானம் உலையில் இரண்டு சுண்டு அரிசி கூடுதலாகப் போட்டாள். மேசையில் ஐந்து தட்டு வைத்தாள். தானும் உட்கார்ந்து, மற்ற நாலு தட்டையும் பார்த்து, "கூச்சப்படாமல் போட்டுச் சாப்பிடுங்கோ, சோறு கிடக்கு," என்றாள்.