வீட்டுக்கு அடியில் விரித்த வக்கீல்

வக்கீலின் மேல்பல் வரிசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு டேப்பை ஒரு முழம் இழுத்துக் கிழித்தேன்.

வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டரை அடி உயரம். இதைவிடத் தாழ்ந்த கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, இந்தக் கென்டக்கி மலைக்குள் பாதி ஆயுள் நிலக்கரி வெட்டியிருக்கிறேன். அதனால் சிரமமில்லை. முதுகு மட்டும் வேறு மாதிரி சொல்கிறது.

மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் விரிக்கிற புது விரிப்பின் விலையைக் கடையில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன் நான். நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகை மாட்டுகிற ஆள், கழற்றிய பழைய விளம்பர விரிப்பு ஒன்றை ஒரு பெட்டி பீருக்குக் கொடுத்தான். கனத்த பிளாஸ்டிக். ஒரு பொட்டுத் தண்ணீர் ஏறாது.

இழுத்து விரித்த பிறகுதான் தெரிந்தது, விபத்து வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திருப்பிப் போட இரண்டரை அடியில் இடமில்லை.

நெற்றி விளக்கை அடித்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். "வேலையில் அடிபட்டீர்களா? உடனே அழையுங்கள்."

அடிபட்டது என் மனைவி ஓபலுக்கு.

சுரங்கத்துக்குள் போனவன் நான். கரித்தூசி படிந்த என் துணிகளை உதறித் துவைத்தவள் அவள். நுரையீரல் கெட்டதும் அவளுக்குத்தான். மூக்கில் எப்போதும் குழாய். குழாயின் மறுமுனையில், கூடத்தில் உறுமும் ஆக்சிஜன் மெஷின்.

போன மாதம் டாக்டரைப் பார்க்கப் போனபோது நான் டிரக்கை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே போவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

"வீட்டுக்கடியில ஈரம் இருக்கான்னு கேட்டாரு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஈரம் இருந்தது. ஈஸ்டருக்கு அடிச்சுவரின் காற்றுத் துவாரங்களைத் திறப்பதும் முதல் உறைபனிக்கு மூடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா திறந்தார், நானும் திறந்தேன். கோடைக்காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் உள்ளே வந்து குளிர்ந்த மரத்தில் வியர்த்து இறங்குமாம். கடைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. வருடா வருடம் நானே போய்த் திறந்துவிட்டு ஈரத்தை உள்ளே கூப்பிட்டிருக்கிறேன்.

இப்போது எல்லாத் துவாரங்களையும் ஃபோம் பலகை வெட்டி அடைத்தாயிற்று. விரிப்பின் ஓரத்தைச் சுவரில் ஏற்றி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அடியில் காய்ந்தால் மேலே அவளுக்கு மூச்சு வரும்.

காலையில் தூணைச் சுற்றி விரிப்பை வெட்டும்போது, தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயரும் சேர்ந்து வெட்டுப்பட்டது. பழைய ஆண்டெனா வயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பழைய வீடு. எது எதற்குப் போகிறது என்று கட்டியவனுக்கே தெரியாது.

தலைக்கு மேலே ஓபலின் கைத்தடி இரண்டு முறை இடித்தது.

"யோவ் ஹோபர்ட், பென்ஷன் வாங்கியும் பொந்துப் புத்தி போகலியா? பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறுது."

"வரேன். வக்கீலுக்கு இன்னும் ஒரு காது ஒட்டணும்."

"ஒட்டும்போது அந்தக் காதுல நம்ம கேஸையும் சொல்லி வை."

குழாய் தரையில் சரசரவென்று இழுபட்டது. நான் டேப்பைக் கிழித்தேன். குழாய் நின்றது, பிறகு என் பக்கமாக வந்தது. டேப் சத்தத்தை வைத்தே நான் எங்கே கிடக்கிறேன் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

சமையலறைச் சுவரில் போனை எடுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது.

"நெவா, நான்தான்டி" என்றாள். நெவா அவள் தங்கை. "குறுக்க பேசாம கேளு. டாக்டர் ஈரத்தப் பத்தி ஒரு வார்த்ததான் கேட்டாரு. மத்ததெல்லாம் வேற. இந்தக் குளிர்காலம் தாண்டுவேனான்னு கேட்டேன். அந்த மனுஷன் ஜன்னலப் பாத்தாரு."

டேப் என் கையிலேயே நின்றது.

"ஹோபர்ட்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. மண்ணுல படுத்துக்கிட்டு எனக்கு மூச்சு செஞ்சுக்கிட்டு இருக்கான். என்னைத் தூக்கிக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஓடக் கூடாது. நான் இங்கதான் இருப்பேன், என் கட்டில்ல. நீல கவுன அலமாரியில இடது பக்கம் மாட்டியிருக்கேன். அந்தப் பச்சையப் போட்டு என்னைப் பொட்டியில வெச்சான்னா எழுந்து வந்து அடிப்பேன்."

மூச்சு வாங்க நின்றாள். மெஷின் உறுமியது.

"அவ்ளோதான். வெக்கிறேன்."

நெவா இதுவரை யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. இன்று இவ்வளவையும் வாயை மூடிக்கொண்டு கேட்டாளே என்று ஆச்சரியமாக இருந்தது.

விளக்கைச் சும்மா அங்கும் இங்கும் திருப்பினேன். காலையில் வெட்டுப்பட்ட வயர் கண்ணில் பட்டது. ஒரு முனை அடிச்சுவரைத் துளைத்து, தெருக் கம்பம் இருக்கும் பக்கம் போனது. மறுமுனை என் முகத்துக்கு நேர் மேலே, சமையலறைச் சுவருக்கு அடியில், ஒரு ஓட்டை வழியாக ஏறியது.

அந்தச் சுவரில் மாட்டியிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

போன் காலையிலிருந்து செத்துக் கிடக்கிறது. காதில் வைத்ததுமே அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மேலே குழாய் நகரவில்லை. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வக்கீல்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

டேப்பை ஒரு முழம் இழுத்து, சத்தம் வரும்படி, மெதுவாகக் கிழித்தேன். அந்த இடத்தில் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் குழாய் நகர்ந்தது, அடுப்புப் பக்கமாக.